இணையப் பெயரின் திறவுகோல் எவர் கையில்?

(பெற்றோரும் இளையோரும் கலந்துகொண்ட ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



புலம்பெயர் நாடுகளில் இயங்கும் தமிழ்ப் பாடசாலைகள், ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள் பலவற்றுக்கு இன்று சொந்த இணையத்தளம் உண்டு. ஆண்டு விழாப் படங்கள், சிறப்பு மலர்கள், மறைந்த ஆசிரியர்களைப் பற்றிய நினைவுக் குறிப்புகள் யாவும் அங்கேதான் சேர்ந்து கிடக்கின்றன. ஆனால், அத்தளத்தின் பெயர் எவர் பெயரில் பதியப்பட்டுள்ளது என்று கேட்டுப் பார்க்கும் நிர்வாகக் குழுக்கள் மிகச் சில.

சொந்தப் பெயர் எதற்கு? யாகூ நிறுவனம் 2009ஆம் ஆண்டு ஒக்ரோபரில் அமெரிக்காவில் ஜியோசிட்டீஸ் என்னும் இலவசச் சேவையை மூடியபோது, அங்கிருந்த பக்கங்கள் தம் முகவரிகளோடு மறைந்தன. சொந்தப் பெயர் இருப்பின், பக்கங்களைத் தாங்கும் நிறுவனம் மாறினாலும் முகவரி மாறாது. பெயர் ஒரு பதிவாளரிடம் பதியப்படுகிறது. பக்கங்கள் வேறொரு நிறுவனத்தின் கணினியில் இருக்கக்கூடும். இரண்டையும் இணைப்பது, 1983இல் பால் மொக்காபெட்ரிஸ் வடிவமைத்த டி.என்.எஸ். என்னும் முகவரி ஏடு.

தளத்தைப் புதிய நிறுவனத்துக்கு மாற்றும்போது, "இப்பெயர் உங்களுடையதுதானா?" என்று அந்நிறுவனம் கேட்கும். கேட்பது முறையே, கேளாவிடின், பிறருடைய பெயரை எவரும் தமதென்று கூறிவிடலாம். நிரூபிக்கும் வழி எளியது. எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு ஒன்றை நிறுவனம் தரும். உரியவர் பதிவாளரின் தளத்தில் நுழைந்து, டி.என்.எஸ். பகுதியில் டி.எக்ஸ்.டி. என்னும் வகைப் பதிவாக அதனைச் சேர்த்துச் சேமிக்க வேண்டும். நிறுவனம் அதனைத் தேடிக் கண்டதும் உறுதிப்படுத்தல் முடியும். இதற்குச் சில நிமிடங்களும் ஆகலாம். ஓரிரு நாட்களும் ஆகலாம். ஏற்கெனவே உள்ள மின்னஞ்சல் பதிவுகளை அழித்துவிடாதிருத்தல் முக்கியம்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இச்சோதனை, திறவுகோல் எவர் கையில் உள்ளது என்பதையே பார்க்கிறது. காணி உறுதி எவர் பெயரில் உள்ளது என்பதை அன்று.

ஒரு தமிழ்ப் பாடசாலையை எண்ணிப் பாருங்கள். பெற்றோர் ஒருவர் தம் பெயரில், தம் மின்னஞ்சலில், தம் கடனட்டையில் பெயரைப் பதிந்தார். பிள்ளைகள் படித்து முடித்தனர். குடும்பம் வேறு நகருக்குச் சென்றது. ஆண்டுகள் கழித்துப் புதிய குழு தளத்தை மாற்ற முனைகிறது. குறியீடு கையில் இருக்கிறது. அதனைச் சேர்க்கக் கடவுச்சொல் இல்லை. புதுப்பிக்குமாறு பதிவாளர் அனுப்பும் நினைவூட்டல்கள் எவரும் திறவாத மின்னஞ்சலுக்குச் செல்கின்றன.

டொட் கொம் பெயர் நிலையான சொத்து அன்று. ஒரே தடவையில் 10 ஆண்டுகளுக்கு மேற்படாத குத்தகை. தவணை கடந்து பதிவாளர் அதனை நீக்கினால், கூடுதல் கட்டணம் செலுத்தி மீட்க 30 நாட்கள் உண்டு. அதன்பின் 5 நாட்களில் பெயர் பொதுவுக்கு வந்துவிடும், எவரும் வாங்கலாம். பழைய மலரில் அச்சான முகவரியைத் தட்டும் பிள்ளையின் முன் சூதாட்ட விளம்பரம் தோன்றக்கூடும்.

அப்பெற்றோர் தவறிழைத்தவர் அல்லர். தம் பணத்தில் தொண்டாற்றியவர். அத்தொண்டைக் கைமாற்றிக் கொள்ளாத குழுவே பொறுப்பேற்க வேண்டும்.

ஆகவே, ஒவ்வொரு சங்கமும் பின்வருவனவற்றைச் செய்தல் நன்று:

1. பதிவில் தனிநபரின் பெயருக்குப் பதிலாகச் சங்கத்தின் பெயர் இருக்கட்டும்.

2. பதிவாளர் கணக்குக்குரிய மின்னஞ்சல் அதே இணையப் பெயரில் அமைய வேண்டாம். பெயர் காலாவதியானால் அந்த மின்னஞ்சலும் நின்றுவிடும்; மீட்கும் வழியும் அடைபடும்.

3. கணக்கு விவரம் இருவரிடமேனும் இருக்கட்டும். புதிய குழு பொறுப்பேற்கும் நாளில், வங்கிக் கணக்கோடு இதனையும் ஒப்படைத்துக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

4. தானியங்கிப் புதுப்பித்தலை இயக்கி வையுங்கள்; அட்டை காலாவதியாகும் நாளையும் குறித்துக்கொள்ளுங்கள்.

5. கைவிட்ட சேவைகளைச் சுட்டும் டி.என்.எஸ். பதிவுகளை நீக்குங்கள். அவ்விடத்தைப் பிறர் கைப்பற்றிச் சங்கத்தின் பெயரில் பக்கம் நடத்த இடமுண்டு.

இளையோரே, இவ்வேலைக்குப் பட்டம் தேவையில்லை. ஒரு மாலைப்பொழுது போதும். இவ்வாரமே உங்கள் பாடசாலை நிர்வாகியிடம், "நமது தளத்தின் பெயர் எவர் பெயரில் இருக்கிறது?" என்று கேளுங்கள். பெற்றோர்களே, முன்னாள் தொண்டரின் தொலைபேசி எண் இன்னும் உங்களிடம் இருக்குமாயின், இன்றே அவரை அழையுங்கள். நன்றி கூறுங்கள், பின்னர் திறவுகோலைக் கேட்டுப் பெறுங்கள்.