சூரிச்சின் பின்வாசல், திருவல்லிக்கேணியின் பெயர்ப்பலகை

அண்ணனூர்ல இருந்து பேசுறேன். இங்க மின்சார ரயில் பணிமனை இருக்கு. ஷிஃப்ட் முடிஞ்சு வர்றவங்க டிபன் கடையில டோக்கன் வாங்கி, நின்னுக்கிட்டே ரெண்டு இட்லி, ஒரு வடை சாப்பிட்டுட்டு வண்டி ஏறிடுவாங்க. சைவ ஓட்டல்னா நமக்கு அவ்வளவு சாதாரணம். ஆனா உலகத்துல இடைவிடாம நடந்துட்டு வர்ற மிகப் பழைய சைவ உணவகம் எதுன்னு கின்னஸ்காரங்களைக் கேட்டா, அவங்க மயிலாப்பூரையும் சொல்ல மாட்டாங்க, உடுப்பியையும் சொல்ல மாட்டாங்க. சுவிட்சர்லாந்துல சூரிச் நகரத்தைக் காட்டுவாங்க. ஓட்டல் பேரு ஹில்டல். தொடங்கினது 1898.

ஓட்டலுக்குப் பேர் வரக் காரணமான ஆம்ப்ரோசியஸ் ஹில்டல் அதைத் தொடங்கினவர் இல்லை. ஜெர்மனியில பவேரியாவிலிருந்து பொழைக்க வந்த தையல்காரர் அவர். மூட்டுவாதம் வந்து விரல் மடங்காமப் போச்சு. ஊசி பிடிக்க முடியாத தையல்காரர் என்ன செய்வார்? பிர்ஹர்-பென்னர்னு ஒரு டாக்டர், கறியை விடுங்கன்னார். இன்னிக்கு காலையில பால் ஊத்திச் சாப்பிடுறாங்களே மியூஸ்லி, அதைக் கொடுத்தவரும் இவர்தான். ஹில்டல் இந்தச் சைவக் கடையில சாப்பிட ஆரம்பிச்சார், உடம்பு தேறிச்சு. 1904-ல கடையையே எடுத்துக்கிட்டார். அங்க சமையல் பண்ணின பெண்ணையே கல்யாணமும் பண்ணிக்கிட்டார்.

வியாபாரம் லேசுல ஓடலை. சாசேஜ் தின்னு வளர்ந்த ஊரு அது. சைவம் சாப்பிடுறவனை 'புல்லு மேய்றவன்'னு கிண்டல் பண்ணுவாங்க. தெரிஞ்சவங்க யாராவது பார்த்துடுவாங்களோன்னு பின்வாசல் வழியா உள்ள போனவங்க உண்டாம். நம்ம ஊர்ல சாராயக் கடைக்குப் போற மாதிரி!

அடுத்த திருப்பம் நம்ம பக்கத்துல இருந்து போனது. 1950-கள்ல அந்த வீட்டு மருமகள் மார்க்ரித், உலக சைவ உணவு மாநாட்டுக்காக இந்தியா வந்தாங்க. திரும்பிப் போகும்போது சமையல் குறிப்புகளோட போனாங்க. ஆனா கொத்தமல்லி, மஞ்சள், சீரகம், ஏலக்காய் எதுவும் சூரிச் கடைகள்ல கிடைக்கலை. இந்தியாவிலிருந்து வர்ற தெரிஞ்சவங்க கொண்டுவந்து கொடுக்கணும். ஓட்டல் சமையல்காரங்களும் முதல்ல முறைச்சாங்க. அதனால வர்ற இந்திய விருந்தாளிகளுக்கு அந்தம்மாவே தன் வீட்டு அடுப்புல சமைச்சுப் போட்டாங்க. அப்புறம் அந்தச் சமையலே கடைக்குப் பேர் வாங்கிக் கொடுத்துச்சு. இப்போ நாலாவது தலைமுறை நடத்துது. பஃபேயில எடுத்துக்கிட்ட தட்டை எடை போட்டுக் காசு வாங்குறாங்க. மூணாவது தடவை சாம்பார் கேட்கிற நம்ம ஆளுங்ககிட்ட இது செல்லாது.

சரி, சூரிச்சில ஹில்டல் வளர்ந்துட்டிருந்த காலத்துல சென்னையில என்ன நடந்துச்சு? உடுப்பிப் பக்கத்துல இருந்து வந்த கே. கிருஷ்ண ராவ், மாவாட்டுற வேலை, தட்டு கழுவுற வேலையில ஆரம்பிச்சு 1938-ல ராயப்பேட்டையில உட்லண்ட்ஸ் ஓட்டலைத் திறந்தார். வெற்றிக் கதைதான், நிறைய பேர் சொல்லியாச்சு. யாரும் அதிகம் சொல்லாததை நான் சொல்றேன்.

சூரிச்சில சைவ ஓட்டலுக்குள்ள போறவங்க வெட்கப்பட்டு ஒளிஞ்சாங்க. இங்க யார் எங்க உட்காரலாம்னு ஓட்டலே பிரிச்சு வச்சது. பல காபி கிளப்புகள்ல பிராமணர்களுக்குத் தனி இடம், மத்தவங்களுக்கு வேற இடம். தலித் மக்களுக்குப் பல கடைகள்ல இடமே கிடையாது. ரயில்வே சிற்றுண்டிச் சாலையிலயும் 'பிராமணாள்', 'இதராள்' (மத்தவங்க)னு பிரிவு இருந்துச்சு. டிக்கெட்டுக்கு எல்லாரும் ஒரே காசுதான் கொடுத்தாங்க, இட்லிக்கு மட்டும் ரெண்டு அறை. பெரியாரும் நீதிக்கட்சியும் விடாம எதிர்த்ததால, 1941-ல ரயில்வே அதைக் கைவிட்டது.

ஆனாலும் தனியார் கடைகள்ல 'பிராமணாள்'னு பலகை தொங்கிச்சு. சுதந்திரம் வந்து பத்து வருஷம் கழிச்சு, 1957-ல திருவல்லிக்கேணி முரளி கஃபே முன்னாடி திராவிடர் கழகம் மறியல்ல இறங்குச்சு. பெயர்ப்பலகையில இருக்கிற 'பிராமணாள்' போகணும், அவ்வளவுதான் கோரிக்கை. தொண்டர்கள் தினமும் போய் நின்னாங்க, கைதானாங்க, ஜெயிலுக்குப் போனாங்க. இப்படியே மாசக்கணக்குல போச்சு. கடைசியில அந்தச் சொல் எடுக்கப்பட்டது.

அதோட முடிஞ்சதுன்னு நினைச்சா, 2012-ல ஸ்ரீரங்கத்துல ஒரு கடை அதே சொல்லைப் பலகையில போட்டது. எதிர்ப்பு கிளம்பினப்புறம்தான் அழிச்சாங்க.