நாள் கடந்த சினை: காத்திருப்பதும் கை கொடுப்பதும்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தேனி மாவட்டத்துக் காமயகவுண்டன்பட்டியிலிருந்து வந்து உங்கள் முன் நிற்கிறேன். திராட்சைப் பந்தல்களும் முல்லைப் பெரியாற்றுப் பாசனமும் கொண்ட கம்பம் பள்ளத்தாக்கில், மேகமலைத் தொடரின் பக்கம் இருப்பது எங்கள் ஊர். சமணம் அந்தப் பள்ளத்தாக்கிற்குப் புதிதன்று. எங்கள் ஊருக்குத் தொலைவில் இல்லாத உத்தமபாளையத்தில், கருப்பணசாமி கோயிலை ஒட்டிய பாறையில், தீர்த்தங்கரர் திருவுருவங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் ஆயிரம் ஆண்டுகளாக வெயிலையும் மழையையும் தாங்கி நிற்கின்றன.

உயிரிரக்கம் பற்றிப் பேசுமாறு பணித்தார்கள். எல்லா உயிர்களையும் பற்றிப் பொதுவாகப் பேசுவது எளிது. ஓர் உயிரை, அதன் கடினமான நாள்களில், எவ்வாறு பேணுவது என்று பேசுவதே பயன் தரும் என எண்ணினேன். ஆகவே, குறித்த நாள் கடந்தும் ஈனாத, வயது முதிர்ந்த ஒரு பெட்டைக் குதிரையைப் பற்றிப் பேசப் போகிறேன்.

குதிரை நமக்கு அயலானதன்று. மூன்றாம் தீர்த்தங்கரராகிய சம்பவநாதரின் இலாஞ்சனம் குதிரையே. எனினும் ஜீவதயை என்றதும் நம் நினைவுக்கு வருவது பசு, பிறகு புறா, பிறகு எறும்பு. சுமை தூக்கும் குதிரையை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். எங்கள் பக்கத்தில் போடி மலைப் பகுதியிலும், பெரியகுளத்திற்கு மேலேயுள்ள வெள்ளகவி போன்ற மலையூர்களின் பாதைகளிலும், மட்டக்குதிரைகளும் கோவேறு கழுதைகளும் காப்பிக்கொட்டை முதலிய விளைபொருளைக் கீழே இறக்குகின்றன. அரிசியையும் உப்பையும் மேலே ஏற்றுகின்றன. தேர்தல் காலத்தில் குரங்கணிக்கு மேலுள்ள சில சிற்றூர்களுக்கு வாக்குப்பதிவு இயந்திரங்கள் குதிரை முதுகில் செல்வதைச் செய்தித்தாளில் கண்டிருப்பீர்கள்.

அத்தகைய குடும்பம் ஒன்றை நினைத்துப் பாருங்கள். இரண்டே குதிரைகள். அவற்றுள் ஒன்றுக்கு வயது 15-ஐக் கடந்துவிட்டது; அது சினையாகவும் இருக்கிறது. அதைச் சுமைக்கு அனுப்ப இயலாமையால் வருமானம் பாதியாயிற்று. பதினொரு மாதத்தில் ஈன்றுவிடும் என்று நாள் குறித்து வைத்தார்கள். அந்த நாள் கடந்தது. ஒரு வாரம், இரண்டு வாரம் ஆயிற்று. குட்டி வரவில்லை. அண்டை வீட்டார் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். மாட்டுக்குப் போடும் ஊசி ஒன்றைப் போட்டால் இரவுக்குள் ஈன்றுவிடும் என்கிறார் ஒருவர். இனி இது தேறாது, விற்றுவிடு என்கிறார் மற்றொருவர். அந்த வீட்டுக்காரர் செய்யத்தக்கது யாது? இதுவே நம் கேள்வி.

முதலில் நாட்கணக்கைத் தெளிவாக்கிக்கொள்வோம். பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள். அதில் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை. குதிரையின் சினைக்காலம் சராசரியாக 340 நாள் என்பர். ஆனால் 320 முதல் 365 நாள் வரை எந்த நாளிலும் நலமான குட்டி பிறக்கலாம். ஓராண்டைத் தாண்டிப் பிறந்து நன்கு வாழ்கின்ற குட்டிகளும் உண்டு. ஆண்குட்டி சற்றே தாமதிக்கும். முதிய குதிரையின் கருப்பை உட்சுவரில் பல ஈற்றுகளின் வடுக்கள் இருக்கும். அதனால் நஞ்சுக்கொடி வழியாகக் குட்டிக்குச் செல்லும் ஊட்டம் குறைந்து, வளர்ச்சி மெதுவாகி, நாள் நீளலாம். எனவே 340-ஆம் நாளைக் கெடு நாளாகக் கொள்ளுதல் ஆகாது.

மனிதப் பேற்றில் நாள் கடந்தால் மருத்துவர் கவலைப்படுகிறார், அது முறையே. பசுவில் நாள் கடந்தால் கன்று பெருத்து வழியடைக்கும் என்று அஞ்சுகிறோம். குதிரையில் நிலை வேறு. நாள் கடந்த குட்டி பெரும்பாலும் பெருத்திருப்பதில்லை. சில வேளைகளில் சிறுத்தே இருக்கும். அது தன் வளர்ச்சியை முடித்துக்கொள்ளக் கூடுதல் நாள்களை எடுத்துக்கொள்கிறது. குட்டியின் நுரையீரலும் குடலும் வெளியுலகுக்கு ஆயத்தமாவது ஈற்றுக்கு முந்தைய சில நாள்களில்தான். குட்டியின் உடலிலேயே சுரக்கும் ஒரு சுரப்பு அந்த ஆயத்தத்தை முடித்து வைக்கிறது. அதற்கு முன்னர் ஊசியால் ஈனச் செய்தால், நாட்கணக்கு நிறைந்திருந்தாலும் குட்டி குறைப்பிறவியே. நிற்க இயலாது, பால் குடிக்க இயலாது, மூச்சே திணறும். குட்டி நாளைத் தேர்கிறது, தாய் நேரத்தைத் தேர்கிறது என்று குதிரை வளர்ப்போர் சொல்வதற்குப் பொருள் இதுவே.

ஆகவே முதல் அறம் காத்திருத்தல். ஆனால் காத்திருத்தல் என்பது வாளா இருத்தலன்று. தத்துவார்த்த சூத்திரம் இம்சையை விளக்கும்போது பிரமாதத்தை, அதாவது விழிப்பின்மையை, அதனோடு சேர்த்தே விளக்குகிறது என்பதைச் சான்றோர்களாகிய நீங்கள் அறிவீர்கள். கை ஓங்காதவன் எல்லாம் அகிம்சை காத்தவன் ஆகிவிடமாட்டான். கண் மூடியிருந்தவனும் தவறியவனே.

விழித்திருந்து காண வேண்டியவை எவை? குதிரை சேர்ந்த நாள் சரியாகக் குறிக்கப்பட்டதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். பல வேளைகளில் நாள் கடக்கவில்லை, கணக்குத்தான் தவறியிருக்கிறது. அடுத்து, கால்நடை மருத்துவர் ஒருவர் சோதித்து, சினை உண்மையே என்றும் குட்டி உயிரோடு இருக்கிறது என்றும் உறுதி செய்ய வேண்டும். அதன்பின் நாள்தோறும் ஒரு குறிப்பேட்டில் தீனி, தண்ணீர், சாணம், உடல் வெப்பம், மடியின் நிலை ஆகியவற்றை எழுதி வர வேண்டும்.

பெரும்பாலான குதிரைகளில் ஈற்றுக்கு இரண்டு முதல் நான்கு வாரம் முன்னரே மடி இறங்கத் தொடங்கும். வாலடியின் இருபுறமும் தசை தளர்ந்து குழியும். கடைசி நாள்களில் காம்பு நுனியில் மெழுகு போன்ற துளி தோன்றும். இவை எதுவும் தோன்றாமல் நாள் மட்டும் கடந்திருந்து, குதிரை நன்றாகத் தின்று அமைதியாக நடமாடினால், அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை.

அஞ்ச வேண்டிய அறிகுறிகள் வேறு. ஈற்றுக்கு நெடுநாள் முன்னரே பால் வடிதல், பிறப்புறுப்பிலிருந்து சீழோ குருதியோ கசிதல், தீனியை வெறுத்தல், வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தல், புரளுதல், அடிவயிறு திடீரெனத் தொங்கி வீங்குதல். முதிய குதிரையின் வயிற்றுச் சுவர் பாரம் தாங்காமல் கிழிந்துவிடக் கூடும். இவற்றுள் எது தோன்றினாலும் அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும். கால்நடை அவசர ஊர்திக்குத் தமிழகத்தில் 1962 என்ற எண் உள்ளது. எங்கள் மாவட்டத்தில் இப்போது கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது.

தீனியைப் பற்றியும் சொல்ல வேண்டும். குட்டி வேகமாக வளர்வது கடைசி மூன்று மாதத்தில். அப்போது வயிற்றில் இடம் குறைவு. முதிய குதிரைக்குப் பல்லும் தேய்ந்திருக்கும். ஆகவே ஒரே வேளையில் மிகுதியாக இடாமல், நல்ல புல்லும் ஊற வைத்த கொள்ளும் தவிடும் சிறிது சிறிதாகப் பல வேளை கொடுக்க வேண்டும். பூஞ்சை பிடித்த தட்டையும் தவிடும் நஞ்சுக்கு ஒப்பானவை. தூய நீர் எப்போதும் கிட்ட வேண்டும். சேணம் இன்றி, சுமை இன்றி, நாள்தோறும் மெதுவாக உலாவ விட்டால் கால் வீக்கமும் அடிவயிற்று வீக்கமும் குறையும். ஈற்றுக்கு நான்கு முதல் ஆறு வாரம் முன்பு வில்வாத நோய்க்கான தடுப்பூசி போட்டிருந்தால், தாயின் சீம்பால் வழியாகக் குட்டிக்கும் காப்பு வந்து சேரும்.

இனி அந்த இரவு. குதிரைகளில் பெரும்பாலானவை இரவில்தான் ஈனும். ஆள் அரவம் மிகுந்தால் தாய் ஈற்றைத் தள்ளிப்போடவும் கூடும். ஆதலின் கூட்டம் கூடாமல், வெளிச்சம் குறைத்து, ஒருவர் மட்டும் சற்றே விலகியிருந்து காவல் காக்க வேண்டும்.

பனிக்குடம் உடைந்த பிறகு நிலை முற்றிலும் மாறுகிறது. அதுவரை நாள்கணக்கில் காத்திருந்தவர் இனி நிமிடக்கணக்கில் விழிக்க வேண்டும். 20 முதல் 30 நிமிடத்திற்குள் குட்டி வெளிவந்தாக வேண்டும். முதலில் வெண்ணிறச் சவ்வும், அதனுள் ஒன்றுக்கொன்று சற்று முன்பின்னாக இரு முன்கால்களும், அவற்றின் மேல் மூக்கும் தோன்றினால் முறையான ஈற்று. வெண்சவ்வுக்குப் பதிலாகச் சிவந்த பட்டுத்துணி போன்ற பை வந்தால், நஞ்சுக்கொடி முன்னதாகவே பிரிந்துவிட்டது. குட்டிக்கு மூச்சுக்காற்று அறுந்துவிட்டது. மருத்துவர் வரட்டும் என்று அங்கே காத்திருத்தல் கூடாது. அந்தப் பையை உடனே கிழித்துக் குட்டியை வெளிக்கொணர வேண்டும்.

பிறந்த குட்டி ஒரு மணி நேரத்தில் எழுந்து நிற்க வேண்டும்; இரண்டு மணி நேரத்தில் பால் குடிக்க வேண்டும்; மூன்று மணி நேரத்தில் நஞ்சுக்கொடி விழ வேண்டும். குதிரைக்குட்டி நோய் எதிர்ப்பு ஆற்றல் இல்லாமலே பிறக்கிறது. அதன் உயிர் முதல் சில மணி நேரத்துச் சீம்பாலில் இருக்கிறது. முதிய தாயின் சீம்பால் வளம் குறைந்திருக்கலாம் என்பதால் மருத்துவர் குட்டியைச் சோதித்தல் நலம். நஞ்சுக்கொடியைப் பொறுத்தவரை, பசுவில் அரைநாள் பொறுப்போம். குதிரையில் மூன்று மணி நேரம் கடந்தால் நஞ்சேறி, குளம்பு நோய் கண்டு, தாயையே இழக்க நேரும். கையால் இழுப்பதும் தகாது. மருத்துவரே வர வேண்டும்.

பெருமக்களே, இங்கேதான் நம் மக்கள் இடறுகிறார்கள். பசுவை அறிந்த அறிவைக் குதிரையின் மேல் ஏற்றுகிறார்கள். பொறுக்க வேண்டிய வாரங்களில் ஊசியைத் தேடி விரைகிறார்கள். விரைய வேண்டிய மணி நேரத்தில் விடியட்டும் என்று பொறுக்கிறார்கள். இரண்டிலும் கொடிய எண்ணம் இல்லை. ஆனால் அன்பு மட்டும் இருந்து அறிவு இல்லாத இடத்தில் உயிர் போய்விடுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தக் கவலை ஈற்றன்று தொடங்குவதன்று. நம் அறநூலார் அகிம்சை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களை வகுத்தனர்: கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவுக்கு மேல் சுமை ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். ஐந்தும் வீட்டு விலங்கை வைத்து வாழ்பவருக்கு எவ்வளவு பொருந்துகின்றன என்று பாருங்கள். ருக்மிணி தேவி அருண்டேல் அவர்கள் மாநிலங்களவையில் எடுத்த முயற்சியின் பயனாக வந்த 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்திலும் இந்த ஐந்தும் குற்றங்களாக இடம்பெற்றுள்ளன. முதுமையால் இயலாத விலங்கை வேலை வாங்குவதும் அச்சட்டப்படி குற்றமே. 1965-ஆம் ஆண்டின் விதிகள் மட்டக்குதிரைக்கு 70 கிலோவுக்கு மேல் சுமை ஏற்றலாகாது என்கின்றன. சுமையால் தேய்ந்த முதிய குதிரையை மீண்டும் மீண்டும் சினைப்படுத்துவதும், என் கருத்தில், அதிபாரம் ஏற்றுதலே. இவ்வீற்றோடு போதும் என்று அதற்கு ஓய்வு தருவதே முறை.

ஆனால் ஓய்வு தரச் சொல்வது எளிது. அந்த ஏழைக் குடும்பம் எப்படி உண்ணும்? இங்கே உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். அறக்கட்டளையின் ஜீவதயை நிதியில் ஒரு சிறு பங்கை, சுமை தூக்கும் விலங்கின் கடைசி மூன்று மாதச் சினைக்காலத் தீனிக்கும், இரவில் மலையடிவாரம் வரை வரும் மருத்துவரின் வழிச்செலவுக்கும் ஒதுக்குங்கள். அந்த உதவி கிடைத்தால், வீட்டுக்காரர் ஊசியையும் தேடமாட்டார், விற்கவும் மாட்டார்.

சீவக சிந்தாமணியில், அடிபட்டு உயிர் பிரியும் நாயின் அருகிருந்து சீவகன் ஐம்பத மந்திரத்தை அதன் செவியில் ஓதுகிறான். அந்த உயிர் சுதஞ்சணன் என்னும் தேவனாகிப் பின்னர் அவனுக்கே துணை நிற்கிறது. சீவகன் அன்று செய்தது, ஓர் உயிருக்கு உரிய வேளையில் அதன் அருகில் இருந்ததே. பிறக்கும் உயிருக்கும் அந்த அருகிருப்பு வேண்டும்.