பேரிடர் நாளில் லேபர் ஆபீஸ் போனை எடுப்பது யார்?

ஷிப்ட் முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்து நிற்கும் நூல்மில், பனியன் கம்பெனித் தொழிலாளர்களே!

அமராவதி அணையின் முழு நீர்மட்டம் 90 அடி. தண்ணீர் அதை நெருங்கினால் போதும், கொழுமத்துக்கும் குமரலிங்கத்துக்கும் மடத்துக்குளத்துக்கும் எச்சரிக்கை வந்துவிடும். ஆற்றுத் தண்ணீருக்கு ஏற்பாடு இருக்கிறது. அடுத்த வாரம் சம்பளம் வருமா என்று தவிக்கிறவனுக்கு என்ன ஏற்பாடு? கம்பெனிக் கதவு சாத்தப்பட்ட முதல் நாள் காலையில், லேபர் ஆபீஸ் போனை எடுப்பது யார்? எடுப்பவருக்கு ஹிந்தி தெரியுமா? ஒரு மூட்டை அரிசி இறக்கச் சொல்ல அவருக்கு அதிகாரம் உண்டா?

2020 மார்ச் 24, இரவு எட்டு மணி. பிரதமர் டிவியில் பேசினார். கொரோனாவுக்காக நான்கே மணி நேரத்தில் நாடு பூட்டப்பட்டது. திருப்பூரில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் பிள்ளைகள் லைன் வீடுகளில் முடங்கினார்கள். எத்தனை பேர்? யாரிடமும் முழுக் கணக்கு இல்லை! 1979-ஆம் ஆண்டே வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம் வந்துவிட்டது. ஆனால் காண்ட்ராக்டர் அழைத்து வந்தவனைத்தான் அது எண்ணியது. தானே ரயிலேறி வந்தவன் எந்த ஏட்டிலும் இருக்கவில்லை.

ஏடு ஒருவரிடம் இருந்தது. லைன் வீட்டுத் தெரு முனையில் மளிகைக் கடை வைத்திருப்பவர். பேர் சொல்ல வேண்டாம் என்பார், சொல்லவில்லை. அவருடைய கடன் நோட்டில் பையனின் பெயர், ரூம், செல் நம்பர், எந்தக் கம்பெனி, எல்லாம் இருந்தது. அரிசியும் பருப்பும் அந்த நோட்டைப் பார்த்துத்தான் போயின. (கைதட்டுங்கள், அவருக்கு எத்தனை தட்டினாலும் தகும்.)

தமிழக அரசும் கொடுத்தது. நலவாரியத்தில் பதிவு பெற்ற கட்டடத் தொழிலாளிக்கும் ஆட்டோ ஓட்டுநருக்கும் 1,000 ரூபாய், 15 கிலோ அரிசி, ஒரு கிலோ பருப்பு, ஒரு கிலோ எண்ணெய். நல்ல காரியம். ஆனால் ‘பதிவு பெற்ற’ என்ற நிபந்தனையில் எத்தனை வீட்டு அடுப்பு அணைந்தது! மத்தியத் தலைமைத் தொழிலாளர் ஆணையர் கட்டுப்பாட்டு அறைகள் திறந்தார்; இந்தியா முழுமைக்கும் 20.

வடக்கத்தியான் வேலையைப் பிடுங்கிவிட்டான் என்று ஊர் ஊராக மைக் பிடிக்கிறார்களே சிலர், அவர்களுக்கு ஒரு கேள்வி. அந்தப் பிள்ளைகள் சிறப்பு ரயிலேறிப் போன பிறகு ஓவர்லாக் மெஷினில் உட்கார ஆளில்லாமல் தவித்தது எந்த ஊர்? அன்றைக்கு அந்த மைக் எங்கே போயிற்று? பசிக்கு மொழி கேட்காதவர் நம்ம மளிகைக் கடைக்காரர் ஒருவர்தான்.

2023 மார்ச்சில் வந்த பேரிடருக்கு மழையும் இல்லை, கிருமியும் இல்லை. தமிழ்நாட்டில் வடமாநிலத்தவரை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோ பரவியது. பீகார் அரசின் நால்வர் குழு திருப்பூருக்கே நேரில் வந்து விசாரித்தது. காவல்துறையும் மாவட்ட நிர்வாகமும் ஹிந்தி தெரிந்தவர்களைத் தேடிப் பிடித்து போன் முன் உட்கார வைத்தார்கள். தீ பிடித்த பிறகு வாளி தேடலாமா?

அதே 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தது. இரண்டு வாரம் கழித்து காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. சரியாக அந்த மாதத்தில் தொழிலாளர் நலவாரியத்தின் சர்வர் பழுதாகி, தொழிலாளர்கள் பதிவேற்றிய ஆவணங்கள் அழிந்தன. மறுபடி ஏற்றுங்கள் என்றார்கள்! ஒருநாள் கூலியை விட்டு, இ-சேவை மையத்தில் காத்துக் கிடந்து ஏற்றிய காகிதம் அது. மாற்றுப் பிரதி ஒன்று வேறு ஊரில் இருக்க வேண்டாமா? மளிகைக் கடை நோட்டு இன்னும் பத்திரமாக இருக்கிறதே!

வேறு வழியே இல்லையா? ஜப்பானில் 2011 மார்ச் 11 சுனாமிக்குப் பிறகு, வேலை நீக்கக் கடிதம் இல்லாவிட்டாலும், பேரிடரால் கம்பெனி மூடிக் கிடந்தாலே வேலையிழப்புத் தொகை பெற வழி செய்தார்கள். விதியைத் தளர்த்த ஓர் ஆணை போதும்.

இங்கேயோ, 2020 செப்டம்பர் 14 அன்று நாடாளுமன்றத்தில் கேட்டார்கள்: ஊர் திரும்பும் வழியில் செத்த தொழிலாளர்கள் எத்தனை பேர்? அப்படி ஒரு விவரம் இல்லை என்றது தொழிலாளர் அமைச்சகம். ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் ஊர் திரும்பியதாகச் சொன்ன அதே அரசு!

ஆகவே கலெக்டருக்கு மனு தயார். வட்டந்தோறும் காகிதத்திலும் ஒரு தொழிலாளர் பட்டியல். ஹிந்தி, ஒடியா தெரிந்த நால்வரின் செல் நம்பர். ஆபீஸ் நனைந்தால் உட்கார மாற்று இடம், ஜெனரேட்டர், ஒரு ஜீப். மேலிடத்தைக் கேட்காமல் முதல் வாரம் செலவழிக்க அதிகாரிக்கு ஒரு தொகை. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே வேண்டும்.

நலவாரிய கார்டு வைத்திருப்பவர்கள் இப்போதே எடுத்துத் தேதியைப் பாருங்கள். ஐந்து வருடம் முடிந்திருந்தால் ஆதார் நகலோடு மேடைக்கு இடப்பக்கம் இருக்கும் மேஜைக்கு வாருங்கள். பக்கத்து ரூம் வடநாட்டுப் பையனையும் கூட்டி வாருங்கள்; மனுவில் அவன் கையெழுத்தும் வேண்டும்.