நாசரேத் தந்த திரைக் கலைஞர்

நாசரேத் என்னும் ஊரின் பெயரைக் கேளாதவர் நம்முள் மிகச் சிலரே இருப்பர். கலிலேயா மலைப்பகுதியில் உள்ள அவ்வூர் ஏசுநாதர் வளர்ந்த ஊர் என்று விவிலியம் கூறும். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட மனிதரும் அவ்வூரிற் பிறந்தவரே. மிஷேல் கிலேபி என்பது அவர் பெயர். 1950ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திற் பிறந்தவர். பாலஸ்தீனத் திரைப்பட இயக்குநர். ‘டைரக்டர்’ என்று நாம் வழக்கமாகச் சொல்லும் அத்தொழிலுக்கு அவர் வந்து சேர்ந்த வழி சற்றும் எதிர்பாராதது.

அவர் பிறப்பதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 1948இல், இஸ்ரேல் நாடு தோன்றியது. அதையொட்டி நிகழ்ந்த போரில் பாலஸ்தீன அரபு மக்கள் 7 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வீடு வாசல் இழந்து வெளியேறினர். 400க்கு மேற்பட்ட ஊர்கள் ஆளற்றுப் போயின. நாசரேத் அழியாமல் தப்பிற்று. அங்கே தங்கிவிட்ட அரபு மக்கள் இஸ்ரேலின் குடிகள் ஆயினர். ஆயினும் 1966 வரை அவர்கள்மீது இராணுவ ஆட்சியே நடந்தது. ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் செல்லவும் அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும். கிலேபியின் பள்ளிப் பருவம் முழுதும் இவ்வாறே கழிந்தது. இளைஞரானபோது அவர் மோட்டார் வண்டி பழுது பார்க்கும் பட்டறையில் வேலை செய்தார். அத்தொழிலை மேலும் கற்க ஜெர்மனிக்குப் போகும் எண்ணத்துடன் 1970இல் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டவர், பெல்ஜியத்தின் தலைநகராகிய பிரஸ்ஸல்ஸில் தங்கிவிட்டார். அங்குள்ள ‘இன்ஸாஸ்’ என்னும் கலைக்கல்லூரியில் சேர்ந்து நாடகமும் தொலைக்காட்சியும் பயின்றார். பின்பு பெல்ஜியத் தொலைக்காட்சியில் பணிபுரிந்தார். பட்டறையிற் கற்ற பொறுமை படத்தொகுப்பு மேசையிலும் அவருக்கு உதவியிருக்கும் என்பது என் ஊகம்.

அவருக்கு முன்னும் பாலஸ்தீனர் படம் எடுத்ததுண்டு. 1968 அளவில் ஜோர்டான் நாட்டு அம்மான் நகரில் முஸ்தபா அபு அலி, ஹானி ஜவ்ஹரிய்யா, ஸுலாபா ஜாதல்லா ஆகியோர் கூடி ஒரு திரைப்படக் குழு அமைத்தனர். ஜவ்ஹரிய்யா 1976இல் லெபனானில் போர்க்காட்சியைப் படம்பிடித்துக்கொண்டிருந்த வேளையில் உயிர் துறந்தார். அவர்கள் தியாகத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அவை நாடு கடந்து வாழ்ந்தோர் எடுத்த படங்கள். போராட்ட முழக்கம் மேலோங்கியவை. வீட்டில் உலை வைப்பவர் யார், நிலத்தை உழுபவர் யார் என்று நின்று பார்க்க அவற்றுக்கு நேரமில்லை.

நாங்கள் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில், ‘தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க’ என்பதை முதல் விதியாகப் போதித்தார்கள். கிலேபி அவ்விதியைக் கற்றாரோ இல்லையோ, அதன்படியே நடந்தார். 1980இல் வெளிவந்த அவரது முதற்பெரும் படைப்பாகிய ‘வளமான நினைவு’ என்னும் படத்தில் துப்பாக்கி முழக்கம் இல்லை. இரண்டு பெண்களே இருக்கின்றனர். பாலஸ்தீனர் ஒருவர் தம் மண்ணிலேயே எடுத்த முதல் முழுநீளப் படம் என்று திரைப்பட வரலாறு எழுதுவோர் இதனைக் குறிப்பிடுவர்.

அப்பெண்களில் ஒருவர் பரா ஹத்தூம் என்னும் மூதாட்டி, இயக்குநரின் உறவினர். இளமையிலேயே கணவனை இழந்தவர். ஆலையில் கூலி வேலை செய்து மக்களை வளர்த்தவர். அவருடைய நிலத்தை அரசு எடுத்துக்கொண்டது. ஈடாகப் பெறக்கூடியதைப் பெற்றுக்கொள்ளும்படி பிள்ளைகள் வற்புறுத்துகின்றனர். போன நிலம் திரும்பப் போவதில்லை, கிடைப்பதையாவது வாங்கிக்கொள்வோம் என்பது அவர்கள் வாதம். அது அறிவுடைய வாதந்தான்; நானாயினும் அவ்வாறே சொல்லியிருப்பேன். அம்மூதாட்டியோ கையெழுத்திட மறுக்கிறார். பிறகு ஒருநாள் அவரை அந்நிலத்துக்கே அழைத்துச் செல்கின்றனர். தாம் இத்தனை ஆண்டு உரிமை கோரிய மண்ணின்மேல் அவர் நடக்கிறார், குனிந்து பார்க்கிறார், கற்களிடையே அடியெடுத்து வைக்கிறார். அவரைச் சொற்பொழிவாற்றுமாறு இயக்குநர் கேட்கவில்லை. அந்த நடையே போதும் என்று விட்டுவிட்டார்.

மற்றொருவர் நாப்ளுஸ் நகரத்து எழுத்தாளர் ஸஹர் கலீபா. நாவல்கள் பல எழுதிப் பெயர் பெற்றவர். விரும்பாத மணத்தை முறித்துக்கொண்டு, பெண்மக்களுடன் தனித்து வாழ்ந்து, பல்கலைக்கழகத்தில் பயின்றவர். அந்நிய இராணுவம் தம் நகரத்தில் நிற்பதைப் பற்றி மட்டும் அவர் பேசவில்லை. கணவனைப் பிரிந்த பெண்ணைத் தம் சமூகமே எவ்வாறு பார்க்கிறது என்பதையும் பேசுகிறார். வெளியாரிடம் விடுதலை கேட்பவர் தம் இல்லத்துப் பெண்ணுக்கு அதனைக் கொடுத்திருக்கிறாரா? இந்த வினாவைக் கிலேபி தம் மக்களிடமே எழுப்பினார். துன்புறும் இனத்தின் கலைஞன் தன் இனத்தைக் குறை கூறுவது எளிதன்று. பகைவர்க்கு வாய்ப்பளிக்கிறாய் என்று சொல்வோர் எங்கும் இருப்பார்கள் அல்லவா?

மாணவர்களே, ஓர் ஆசிரியன் என்ற முறையில் என் மனத்தை மிகவும் தைத்தது அவருடைய பெரிய படங்களுள் ஒன்றன்று. அரைமணி நேரமே ஓடும் சிறு படம். ‘மாலூல் தன் அழிவைக் கொண்டாடுகிறது’ என்பது அதன் பெயர். 1980களின் நடுவில் வெளிவந்தது. மாலூல் என்பது நாசரேத்துக்கு மேற்கே ஏறத்தாழ 6 கிலோமீட்டர் தொலைவில் இருந்த சிற்றூர். 1945ஆம் ஆண்டுக் கணக்கின்படி அங்கே 690 பேர் வாழ்ந்தனர். முஸ்லிம்களும் கிறித்தவர்களும் கலந்த ஊர். 1948 ஜூலையில் அது இஸ்ரேல் படையின் கையில் வீழ்ந்தது. மக்கள் வெளியேற்றப்பட்டனர், வீடுகள் இடிக்கப்பட்டன, வழிபாட்டுக் கட்டடங்கள் மட்டும் எஞ்சின. பின்னர் அவ்விடத்தில் பைன் மரக்காடு வளர்க்கப்பட்டது. ஆண்டுக்கொரு முறை, இஸ்ரேலின் சுதந்திர தினத்தன்று, பழைய ஊரார் கட்டுச்சோற்றுடன் அங்கே செல்வது வழக்கம். படத்தின் பெயரில் உள்ள கசப்பு இப்போது விளங்கும்.

படத்தில் ஊரின் ஓவியம் ஒன்று வருகிறது. முதியோர் அதன்மேல் விரல் வைத்து, இது இன்னார் வீடு, இது கிணறு, இது களத்துமேடு என்று சொல்லிச் செல்கின்றனர். பிறகு காட்டுக்குள் போய் மரங்களுக்கிடையே அதே வீடுகளைத் தேடுகின்றனர். இவற்றுக்கு இடையிடையே ஒரு பள்ளி வகுப்பறை காட்டப்படுகிறது. அரபு ஆசிரியர் ஒருவர் அரபுச் சிறுவர்களுக்கு வரலாறு கற்பிக்கிறார். யூதர்கள் அந்நாட்டிற் குடியேறிய வரலாறே பாடம். ஐரோப்பாவில் யூதர்கள் பட்ட கொடுந்துன்பம் உலகறிந்தது. அதை எந்தப் பிள்ளையும் கற்க வேண்டியதே. அந்தப் பாடம் பொய்யன்று. ஆனால் பக்கத்திலே காட்டுக்கடியில் கிடக்கும் மாலூலுக்கு அப்பாடத்தில் ஒரு வரிகூட இல்லை.

இக்காட்சியைப் பார்த்தபோது அவ்வாசிரியர்மீது எனக்குச் சினம் வரவில்லை, நாணமே வந்தது. பாடத்திட்டத்தை முடிக்க வேண்டும், தேர்வு நெருங்குகிறது என்ற அவசரத்தில், கேள்வித்தாளில் வராததைக் கேட்டுக் காலத்தை வீணாக்காதே என்று நானும் மாணவர் பலரை உட்கார வைத்திருக்கிறேன். அவர்கள் கேட்க வந்தது என்னவென்று எனக்கு இன்றும் தெரியாது.

உலகம் கிலேபியை அறிந்துகொண்டது 1987இல் வந்த ‘கலிலேயாவில் ஒரு திருமணம்’ என்னும் கதைப்படத்தினால். ஊரடங்கு உத்தரவிலுள்ள ஒரு கிராமம். அதன் தலைவரை முக்தார் என்பர். அவர் தம் மகன் திருமணத்தை ஊரறியச் சிறப்பாக நடத்த விரும்பி இராணுவ கவர்னரிடம் அனுமதி கேட்கிறார். தாமும் தம் அதிகாரிகளும் சிறப்பு விருந்தினராக வந்து இறுதிவரை இருப்போம் என்ற நிபந்தனையுடன் கவர்னர் இசைகிறார். முக்தாரும் ஒப்புக்கொள்கிறார். கதை முழுவதும் இந்த ஒரு நிபந்தனையிலிருந்தே விளைகிறது. மானம் போயிற்று என்று உறவினர் சிலர் விலகுகின்றனர். இளைஞர் சிலர் மறைவாகத் தாக்கத் திட்டமிடுகின்றனர். தந்தையின் பெருமைக்காகத் தன் மணநாளே பணயமாயிற்று என்று மணமகன் உள்ளுக்குள் குமைகிறான். வெப்பத்தில் மயங்கி விழுந்த இராணுவப் பெண்ணொருத்தியை ஊர்ப் பெண்கள் உள்ளே கொண்டுசென்று, சீருடையை நீக்கி, பூவேலை செய்த தங்கள் ஆடையை உடுத்துகின்றனர்.

அப்படத்தில் ஒரு குதிரை வருகிறது. முக்தாரின் அருமையான குதிரை அது. கட்டவிழ்ந்து ஓடி, கண்ணிவெடிகள் புதைத்த நிலத்துக்குள் புகுந்துவிடுகிறது. வெடிகள் உள்ள இடங்களைக் குறித்த வரைபடம் இராணுவத்திடம் இருக்கிறது. குதிரையின் மனம் அறிந்த குரல் முக்தாரிடம் இருக்கிறது. விருந்துக்கு வந்தவரும் விருந்தளித்தவரும் வேலியோரத்தில் ஒன்றாக நிற்கின்றனர். முக்தார் அன்பு மொழிகளால் அழைக்க, அது ஒவ்வோர் அடியாக வைத்து வெளியே வருகிறது. இந்த இடத்தில் மூச்சு விடவும் மறந்திருந்தேன். கான் திரைப்பட விழாவில் உலகத் திரை விமரிசகர் சங்கத்தின் பரிசும், அவ்வாண்டே சான் செபாஸ்டியன் விழாவின் தங்கச் சிப்பிப் பரிசும் இப்படத்துக்குக் கிடைத்தன.

பிற்காலப் படங்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1947 நவம்பர் 29ஆம் நாள் ஐக்கிய நாடுகள் சபை பாலஸ்தீனத்தை இரண்டாகப் பிரிக்கும் 181ஆம் தீர்மானத்தை நிறைவேற்றிற்று. தேசப்படத்தில் வரைந்த அந்தக் கோட்டின் வழியே 2002இல் கிலேபியும், எயால் சிவான் என்னும் இஸ்ரேலிய இயக்குநரும் ஒன்றாகப் பயணம் செய்து, எதிர்ப்பட்டோரையெல்லாம் பேச வைத்தனர். அதுவே நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடும் ‘பாதை 181’. 2004இல் பாரிஸ் நகர விழாவொன்றில் இதன் ஒரு காட்சி எதிர்ப்புக்கு அஞ்சி நிறுத்தப்பட்டது. 2009இல் வந்த ‘ஸிந்தீக்’ படத்தில், 1948இன் நினைவுகளைத் திரட்ட ஓர் இயக்குநர் நாசரேத்துக்குத் திரும்புகிறார். அதே நாசரேத் பின்பு எலியா சுலைமான், ஹனி அபு அஸாத் என்னும் இரு பெரும் இயக்குநர்களையும் தந்தது என்பது வியப்புக்குரியது.

ஒரு படத்தைக் கடைசியில் சொல்ல வைத்திருந்தேன். 1995இல் வெளிவந்த ‘மூன்று மணிகளின் கதை’ காஸாவிலேயே எடுக்கப்பட்டது. யூசுப் என்னும் 12 வயதுச் சிறுவன் பறவைகளைத் தேடித் திரிபவன். தந்தை சிறையில், அண்ணன் தலைமறைவில். ஆயிதா என்னும் நாடோடிக் குடும்பத்துச் சிறுமியை அவன் விரும்புகிறான். தன் பாட்டியின் கழுத்தணியிலிருந்து தவறிப்போன மூன்று மணிகளைத் தேடித் தருபவனையே மணப்பேன் என்கிறாள் அவள். அவை தென் அமெரிக்காவில் இருக்கும் என்று கேள்விப்பட்டு, காஸாவை விட்டு வெளியேற வழி தேடத் தொடங்குகிறான் சிறுவன். 2023 அக்டோபரில் மூண்ட போரில் காஸாவின் வீடுகளும் தோட்டங்களும் பெரும்பகுதி அழிந்தன. யூசுப் பறவை தேடி நடந்த தோப்புகளும், கடற்கரையும், சந்துகளும் அன்று இருந்தபடியே அப்படத்தில் இருக்கின்றன.