ஆறு விழுங்கிய ஊர்! ஆதாரம் கேட்கும் நாடு!

(இளைஞர்கள், வணிகர்கள் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)

  

உங்கள் ஓட்டலில் தட்டு கழுவுகிறானே ஒரு பையன், அவனை என்றைக்காவது பக்கத்தில் உட்கார வைத்து, "தம்பி, உனக்கு எந்த ஊர்?" என்று கேட்டிருக்கிறீர்களா? வடக்கே இருந்து வந்தவன், இந்திக்காரன், மிஞ்சினால் வங்காளி! இதோடு நமது விசாரணை முடிந்துவிடுகிறது. கேட்டுப் பாருங்கள். அஸ்ஸாம் என்பான். துப்ரி, பார்பேட்டா, கோல்பாரா என்று மாவட்டத்தின் பெயரைச் சொல்வான். கிராமம் எது என்று கேட்டால் சற்றுத் தயங்குவான். மறந்துபோய் அல்ல. ஒருவேளை அந்தக் கிராமமே இப்போது இல்லாமல் இருக்கலாம்.

பிரம்மபுத்திரா திபெத்தில் பிறந்து வருகிற ஆறு. நமது காவிரி, தாமிரபரணி போல் நினைத்துவிடக் கூடாது. அஸ்ஸாமில் சில இடங்களில் ஒரு கரையில் நின்றால் மறுகரை கண்ணுக்குத் தெரியாது. 1950 ஆகஸ்ட் 15 அன்று அங்கே பயங்கரப் பூகம்பம் ஏற்பட்டது. மலைகள் சரிந்து மண்ணெல்லாம் ஆற்றில் விழுந்தது. ஆற்றின் படுகை உயர்ந்தது. ஆழமாக ஓட வழியில்லாத தண்ணீர் அகலமாக ஓடத் தொடங்கியது. 1912-28 காலத்தில் 3,870 சதுர கிலோமீட்டராக இருந்த ஆற்றின் பரப்பு, 2006இல் 6,080 சதுர கிலோமீட்டர் ஆகிவிட்டது. இந்த அதிகப்படியான இடம் யாருடையது? யாரோ ஏர் உழுத வயல்! யாரோ பிள்ளை பெற்ற வீடு! 1950க்குப் பிறகு ஆறு அரித்துக்கொண்டு போன நிலம் 4 லட்சத்து 27 ஆயிரம் ஹெக்டேர் என்று அம்மாநில அரசே கணக்குச் சொல்கிறது. மாநிலத்தின் மொத்தப் பரப்பில் நூற்றுக்கு ஏழு பங்குக்கு மேல்.

பூகம்பம் மட்டுமே காரணமல்ல. மலைக்காடுகள் அழிந்தன. கட்டிய கரைகள் பழுதாகிக் கிடக்கின்றன. இவற்றோடு இப்போது பூமி சூடாகிறது. காற்று சூடானால் அதிக ஈரத்தைத் தாங்கும். தாங்கியதை ஒரேயடியாகக் கொட்டும். பல நாளில் பெய்ய வேண்டிய மழை சில நாளில் பெய்தால் கரை என்ன ஆகும்? புகையைக் கக்கிய ஆலைகளின் சொந்தக்காரர்கள் எங்கோ சௌக்கியமாக இருக்கிறார்கள். சைக்கிளுக்கு மேல் வாகனம் கண்டிராதவன் வீட்டை இழக்கிறான்.

சகோதரர்களே! வெள்ளத்திற்கும் அரிப்பிற்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். வெள்ளம் வந்தால் வடியும். சேறு தள்ளி, மறுபடி விதைக்கலாம். அரிப்பு அப்படியல்ல. நிலமே போய்விடும். பட்டா கையில் இருக்கும். பட்டாவில் உள்ள நிலம் ஆற்றின் நடுவே இருக்கும். ஆனால், அரிப்பால் வீடிழந்தவர்களுக்கு மறுவாழ்வு என்று தனியாக ஒரு தொகையை, நாடு முழுவதற்கும் ஆயிரம் கோடி ரூபாயை, 15வது நிதிக்குழுதான் பரிந்துரைத்தது. அதன் காலம் 2021இல்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய 70 ஆண்டுகளில் போனவர்கள் போனவர்கள்தான்!

ஆற்றின் நடுவே மணல் திட்டுகள் எழும்பும். அவற்றைச் 'சர்' என்கிறார்கள். அந்தத் திட்டுகளில் ஏறக்குறைய 25 லட்சம் பேர் வாழ்வதாக 2000களின் தொடக்கத்தில் எடுத்த அரசுக் கணக்கு கூறியது. பெரும்பாலோர் வங்காள மொழி பேசும் வம்சாவளியில் வந்த முஸ்லிம்கள். திட்டு கரைந்தால் அடுத்த திட்டு. அதுவும் கரைந்தால் அரசு நிலம், சாலையோரம், கவுஹாத்தி நகரம். அங்கே போய் ரிக்ஷா மிதித்தால், "நீ எல்லை தாண்டி வந்தவன்" என்கிறார்கள்! 2021 செப்டம்பரில் தர்ராங் மாவட்டத்தின் தோல்பூரில் ஆக்கிரமிப்பு அகற்றுகிறோம் என்று நூற்றுக்கணக்கான குடும்பங்களை வெளியேற்றினார்கள். ஆற்றுக்கு நிலத்தைப் பறிகொடுத்து வந்தவர்கள் அவர்களில் பலர். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். ஒருவன் சிறுவன்.

நியாயமாகப் பேச வேண்டும். ஆறு மதம் பார்ப்பதில்லை. மாஜுலித் தீவில் வைணவ மடங்களையும் அது விட்டுவைக்கவில்லை. மிசிங் பழங்குடி மக்களும் வீடிழந்தார்கள். ஆனால் வீடிழந்த பிறகு "நீ இந்தியனா?" என்ற கேள்வி யாரை நோக்கி அதிகமாக நீள்கிறது என்பதைத்தான் நாம் பார்க்கிறோம். 1964 டிசம்பர் புயலில் நமது தனுஷ்கோடி அழிந்தது. தப்பியவர்கள் ராமேஸ்வரம் பக்கம் வந்து குடியேறினார்கள். அவர்களிடம் யாராவது முப்பாட்டனின் சான்றிதழைக் கேட்டோமா?

அஸ்ஸாமில் கேட்கிறார்கள். 1971 மார்ச் 24க்கு முன்பே உன் குடும்பம் இங்கிருந்ததற்கு ஆதாரம் கொண்டு வா என்கிறார்கள். குடிசையோடு பெட்டியும் போனவன் எதைக் கொண்டு வருவான்? தந்தையின் பெயர் ஒரு கிராமத்து வாக்காளர் பட்டியலில். மகனின் பெயர் இன்னொரு கிராமத்தில். முதல் கிராமமோ தண்ணீரில்! பெண்களின் பாடு இன்னும் மோசம். பிறப்புச் சான்றிதழ் இல்லை, பள்ளிக்கூடம் போகவில்லை, மணமுடித்து வேறு ஊர் போயாயிற்று. இன்னாருடைய மகள் என்பதற்குப் பஞ்சாயத்துச் செயலாளர் தந்த சீட்டு ஒன்றே கதி. 2019 ஆகஸ்ட் 31இல் வெளியான குடிமக்கள் பதிவேட்டில் 19 லட்சத்து 6 ஆயிரம் பேர் விடுபட்டார்கள். இவர்களில் இந்துக்களும் ஏராளம்.

இனி வணிகர்களுக்கு ஒரு வார்த்தை. கோபித்துக்கொள்ள வேண்டாம்!

அங்கே அன்னியர் தீர்ப்பாயம் என்று ஒன்று உண்டு. நோட்டீஸ் வரும். குறித்த தேதியில் போகாவிட்டால், வராதவன் அன்னியன் என்று தீர்ப்பு எழுதிவிடலாம். எக்ஸ்பார்ட்டி என்பார்கள் வக்கீல்கள். 1985 முதல் 2019 பிப்ரவரி வரை இப்படி அன்னியராக்கப்பட்டவர்கள் 63,959 பேர் என்று மத்திய அரசே நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது. இப்போது எண்ணிப் பாருங்கள். நோட்டீஸ் துப்ரிக்குப் போகிறது. ஆள் உங்கள் கடையில் பரோட்டா மாவு பிசைகிறான். வீட்டிலிருந்து போன் வருகிறது. "முதலாளி, 15 நாள் லீவு" என்று வந்து நிற்கிறான். "பெருநாள் சீசன், இப்போது முடியாது" என்கிறோம். போனால் திரும்பி வரமாட்டான் என்று அட்வான்ஸுக்கு ஈடாக அவனுடைய அசல் ஆதார் கார்டையும் வாக்காளர் அட்டையையும் வாங்கிக் கல்லாப்பெட்டிக்குள் வைத்திருக்கிறோம். இல்லை என்று சொல்ல முடியுமா? நமது கடைவீதியில் நானே பார்த்திருக்கிறேன்.

மக்காவில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) மதீனா வந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் அவரை ஸஅது பின் ரபீஉ (ரலி) அவர்களோடு சகோதரராக இணைத்தார்கள். ஸஅது தமது சொத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். வந்தவரோ பாதிச் சொத்தை வாங்கவில்லை; கடைவீதி எங்கே என்று வழி கேட்டார்கள். வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் விற்று முன்னுக்கு வந்தார்கள். ஹிஜ்ரத் பற்றி ஆண்டுதோறும் மேடை போட்டுப் பேசுகிறோமே, உங்கள் கடைக்கு வந்த பையனும் பாதிச் சொத்தைக் கேட்கவில்லை. வேலைதான் கேட்டான்.

2050க்குள் உலகில் 21 கோடியே 60 லட்சம் பேர் வரை சொந்த நாட்டுக்குள்ளேயே இடம் பெயர நேரலாம் என்று உலக வங்கி 2021இல் மதிப்பிட்டது. அவர்களுக்கெல்லாம் நம்மால் என்ன செய்துவிட முடியும் என்று கேட்பீர்கள். உலகத்தை விடுங்கள்.

இளைஞர்களே! உங்கள் தெருவில் தங்கியிருக்கும் அஸ்ஸாம் சகோதரர்களைச் சந்தியுங்கள். அவர்களின் ஆவணங்களை நகல் எடுத்து, படம் பிடித்து, மூன்று இடங்களில் பத்திரப்படுத்திக் கொடுங்கள். பெயரில் எழுத்துப்பிழை இருந்தால் குறித்துக் கொடுங்கள். நோட்டீஸ் வந்தவர் இருந்தால் ஜமாஅத்தில் சொல்லுங்கள். பயணச் செலவுக்குப் பைத்துல்மாலில் கேட்போம்.

வணிகர்களே! தீர்ப்பாயத் தேதி என்று ஒருவன் வந்து நின்றால், சம்பளத்தைக் கையில் கொடுத்து ரயிலேற்றி அனுப்புங்கள். கல்லாப்பெட்டியில் இருக்கும் அசல் அட்டைகளை இன்று கடை அடைப்பதற்குள் எடுத்து உரியவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.