பழைய ஹீட்டரை மாற்றும் முன்

(தவளக்குப்பத்தில் நடந்த குடும்ப நலக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





மழைக்காலம் வந்துவிட்டால் நம் அறக்கட்டளைக்கு ஒரே மாதிரியான கடன் விண்ணப்பங்கள் வரத் தொடங்கும். "வீட்டில் ஹீட்டர் கெட்டுப்போய்விட்டது, அத்தாவுக்கு வயதாகிவிட்டது, ஃபஜ்ருக்கு உளூச் செய்யப் பச்சைத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, புது ஹீட்டர் வாங்கப் பத்தாயிரம் வேண்டும்" என்பார்கள். அல்லது, மகள் பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்பார்கள். இவை நியாயமான தேவைகள்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தப் பத்தாயிரத்தில் எவ்வளவு உண்மையில் தேவை என்பதை யாரும் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பதில்லை. இன்று அந்தக் கணக்கைத்தான் பேசப்போகிறோம். பயான் கேட்கலாம் என்று வந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் புதுச்சேரிக் குடும்பங்கள் பலவற்றுக்குப் பிரான்சில் உறவினர் உண்டு. அங்கே பாய்லர் என்றால் குளிக்க மட்டுமல்ல, வீடு முழுவதையும் சூடாக வைத்திருக்கும் இயந்திரம். அது பழுதானால் குளிர்காலத்தில் வீட்டில் இருக்கவே முடியாது. 2022 ஜூலை 1 முதல் அங்கே வீடுகளில் எண்ணெயில் எரியும் பாய்லரைப் புதிதாகப் பொருத்தவும் முடியாது; வேறு வகைக்குத்தான் மாற வேண்டும். அவர்கள் ஆயிரக்கணக்கான யூரோ செலவழிப்பதில் பொருள் இருக்கிறது. நம் நிலை அப்படியா? மார்கழி விடியலிலும் இங்கே காற்று 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். மாடித் தொட்டித் தண்ணீர் 25, 26 டிகிரி. குளிக்க இதமான தண்ணீர் என்பது 40 டிகிரி. ஆக, நாம் ஏற்ற வேண்டியது வெறும் 14 டிகிரி. இந்தப் பதினாலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வரும்.

15 லிட்டர் பக்கெட் ஒன்றை 26-லிருந்து 40 டிகிரிக்கு ஏற்றக் கால் யூனிட் மின்சாரம் போதும். வீட்டில் நான்கு பேர் தினம் ஆளுக்கு ஒரு பக்கெட் வெந்நீரில் குளித்தாலும் ஒரு நாளைக்கு ஒரு யூனிட், மாதத்துக்கு 30 யூனிட். இதற்குமேல் உங்கள் ஹீட்டர் சாப்பிடுகிறது என்றால் அந்த மின்சாரம் குளிப்புக்குப் போகவில்லை, வேறெங்கோ போகிறது.

எங்கே போகிறது? நம் வீடுகளில் ஹீட்டர் சுவிட்சை ஃபஜ்ருக்குப் போட்டால் இஷா வரை அணைக்காதவர்கள் இருக்கிறார்கள். தண்ணீரை யாரும் தொடாவிட்டாலும் தொட்டி ஆறும், மறுபடி சூடேறும், மறுபடி ஆறும். இதைச் சோதித்துப் பார்ப்பது சுலபம். ஹீட்டர் சூடாகிச் சிவப்பு விளக்கு அணைந்த பிறகு, வெந்நீர்க் குழாயை யாரும் திறக்காமல், ஒரு மணி நேரத்தில் அந்த விளக்கு மொத்தம் எத்தனை நிமிடம் எரிகிறது என்று பாருங்கள். 2 நிமிடம் எரிந்தால் ஒரு நாளைக்கு 48 நிமிடம். 2000 வாட் ஹீட்டர் என்றால் 1.6 யூனிட். அதாவது நான்கு பேர் குளிப்பதற்கு ஆவதைவிட அதிகம்! மாதத்துக்கு 48 யூனிட். மின்துறைக் கட்டணம் 100, 200, 300 யூனிட் என்று படிப்படியாக விலை ஏறுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். இந்த 48 யூனிட் உங்கள் பில்லில் மேல்படி விலையில்தான் வந்து உட்காரும். குளிப்பதற்குப் பத்து, பதினைந்து நிமிடம் முன் போட்டு, குளிக்கப் போகும்போது அணைத்துவிடுங்கள். காசு செலவில்லாத சேமிப்பு இது.

கடையில் காட்டும் நட்சத்திர முத்திரையும் இந்த ஆறிப்போகும் கணக்குதான். தொட்டி வைத்த ஹீட்டர்களுக்கு எரிசக்தித் திறன் அமைப்பு தரும் நட்சத்திரங்கள், 24 மணி நேரம் சும்மா இருக்கும்போது எவ்வளவு மின்சாரம் வீணாகிறது என்பதை அளந்து தருபவை. போட்டவுடன் குளித்து அணைத்துவிடும் வீட்டில் 3 நட்சத்திரத்துக்கும் 5 நட்சத்திரத்துக்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறியது. நாள் முழுவதும் வெந்நீர் தேவைப்படும் வீட்டில், படுக்கையில் இருக்கும் நோயாளி உள்ள வீடு மாதிரி, 5 நட்சத்திரத்துக்குக் கூடுதல் விலை கொடுப்பது சரி.

இப்போது பழுதுக்கு வருவோம். தண்ணீர் சூடாகவில்லை என்றாலே ஹீட்டர் போய்விட்டது என்று முடிவு கட்டக்கூடாது. பெரும்பாலும் போவது மூன்று பொருள்கள்: எலிமென்ட், தெர்மோஸ்டாட், தொட்டிக்குள் இருக்கும் மெக்னீசியக் கம்பி. இவற்றைச் சில நூறு ரூபாய் முதல் ஓரிரு ஆயிரத்துக்குள் மாற்றிவிடலாம். கடலோர ஊர் நமக்கு, போர்த் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் அதிகம். எலிமென்ட் மேல் வெள்ளையாகப் படிந்து ஓடு கட்டிவிடும். உள்ளே எலிமென்ட் கொதிக்கும், வெளியே தண்ணீர் சூடாகாது, கடைசியில் எலிமென்ட் வெடிக்கும். மெக்னீசியக் கம்பியின் வேலையே தன்னை அரிக்கக் கொடுத்துத் தொட்டியைக் காப்பதுதான். அது கரைந்து தீர்ந்த பிறகு உப்பு தொட்டியைத் தின்னத் தொடங்கும். ஆண்டுக்கு ஒருமுறை, ரமளானுக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது, மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். இதைச் செய்பவர்கள் நம்மில் பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறோம்.

சென்ற ஆண்டு எங்களிடம் கடன் கேட்டு வந்த ஒரு சகோதரியின் வீட்டுக்கு முதலில் எலக்ட்ரீஷியனை அனுப்பினோம். தெர்மோஸ்டாட் மட்டும்தான் போயிருந்தது. புது ஹீட்டர் தேவைப்படவில்லை. அதே வாரம் இன்னொரு வீட்டில் தொட்டியே அரித்து, அடியில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. தொட்டி ஒழுகினால் பற்றவைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். அவர்களுக்குக் கடன் கொடுத்தோம்.

மாற்றும்போது எதை வாங்குவது? பழசு 25 லிட்டர் என்றால் புதியதும் 25 லிட்டர் என்று கேட்காதீர்கள். பிள்ளைகள் கல்யாணமாகிப் போய், வீட்டில் இருவர் மட்டும் இருப்பீர்கள். அந்தப் பதினாலு டிகிரியை நினைத்துக்கொள்ளுங்கள். 3 லிட்டர் உடனடி ஹீட்டர், 3000 வாட், நம் ஊர்த் தண்ணீரை 14 டிகிரி ஏற்றி நிமிடத்துக்கு 3 லிட்டர் தரும். 5 நிமிடத்தில் ஒரு பக்கெட் நிறைந்துவிடும். டெல்லியில் குளிர்காலக் குழாய்த் தண்ணீருக்கு இதே ஹீட்டர் இரண்டு மடங்கு நேரம் எடுக்கும், அங்கே அது பத்தாது. இங்கே பக்கெட்டில் குளிக்கும் குடும்பத்துக்கு அது தாராளம். விலையும் பெரிய ஹீட்டரைவிடக் குறைவு; சும்மா ஆறிப்போகும் நட்டமும் இல்லை. ஷவரில் குளிப்பவர்களுக்கு அது போதாது, அவர்கள் 10 அல்லது 15 லிட்டர் பார்க்கலாம்.

ஒரு நிபந்தனை உண்டு. 3000 வாட் என்றால் 13 ஆம்பியர். அதற்குத் தனியாக 16 ஆம்பியர் பிளக்கும், 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செப்பு ஒயரும் வேண்டும். மிக்சி ஓடும் பிளக்கில் சொருகினால் சுவர் பற்றும்.

கடையில் "8 பார் அழுத்தம் தாங்கும்" என்று சொல்லி விலை ஏற்றுவார்கள். அது அடுக்குமாடிக்கும், அழுத்த மோட்டார் வைத்த வீட்டுக்கும் தேவையானது. உங்கள் தொட்டி குளியலறைக்கு மேல் 3 மீட்டர் உயரத்தில் இருந்தால் அழுத்தம் 0.3 பார்தான்.

பணத்தை மிச்சம் பிடிக்கக்கூடாத இடமும் இருக்கிறது. பக்கெட்டில் தொங்கவிடும் ராடு மிக மலிவு, சந்தேகமில்லை. ஆனால் சுவிட்சை அணைக்காமல் தண்ணீரைத் தொட்டுப் பார்த்து உயிர்விட்டவர்களைப் பற்றிய செய்தி ஆண்டுதோறும் வருகிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ராடு வீட்டில் இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். குளியலறைக்கு நல்ல எர்த்தும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் போடுங்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலில் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததை நாம் மறக்கவில்லை. நனைந்த பிளக், நனைந்த ஒயரை அப்படியே பயன்படுத்துபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கேஸ் ஹீட்டர் சிக்கனம் என்பார்கள். கதவும் ஜன்னலும் மூடிய சின்னக் குளியலறைக்குள் அதை மாட்டினால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. குளிக்கப்போன பிள்ளை வெளியே வராமல் போன கொடுமை நாட்டில் பல ஊர்களில் நடந்திருக்கிறது. மாட்டித்தான் ஆக வேண்டும் என்றால் குளியலறைக்கு வெளியே, திறந்த இடத்தில் மாட்டி, குழாய் வழியாக வெந்நீரை உள்ளே கொண்டுவாருங்கள்.

சோலார் பற்றிக் கேட்கிறீர்கள். கூட்டுக் குடும்பம், விடுதி, திருமண மண்டபம் போன்ற இடங்களுக்கு நல்லதுதான். ஆனால் நமக்கு வெந்நீர் வேண்டியிருப்பது கார்த்திகை, மார்கழி மழை நாட்களில். அன்றுதான் சூரியன் முகம் காட்டாது. நம் உப்புத் தண்ணீரும் குழாயை அடைக்கும். இன்னொன்று, சோலார் ஹீட்டருக்கு மத்திய அரசு கொடுத்துவந்த மானியம் 2014-லேயே நின்றுவிட்டது. இப்போது விளம்பரமாகும் 2024-ஆம் ஆண்டுத் திட்டம், அதாவது பி.எம். சூர்ய கர், மின்சாரம் தயாரிக்கும் பலகைகளுக்கு மட்டும்தான்: ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய். அந்த மானியம் ஹீட்டருக்கும் உண்டு என்று யாராவது வாசலில் வந்து சொன்னால் முன்பணம் கொடுக்காதீர்கள்.

பழைய ஹீட்டரை என்ன செய்வது? எக்ஸ்சேஞ்சில் ஐந்நூறு கழித்துக்கொள்கிறோம் என்றால் சட்டென்று தலையாட்டிவிடாதீர்கள். பழங்காலத்து ஹீட்டர்கள் பலவற்றில் உள்தொட்டி செம்பு. நன்னா காலத்துக் கரி போடும் வெந்நீர் பாய்லர் முழுக்கச் செம்பாகவே இருக்கும். செம்பு கிலோ பல நூறு ரூபாய். முதலில் காயலான் கடையில் எடை போட்டுப் பாருங்கள். (காயலிலிருந்து வந்த நம் வியாபாரிகளால்தான் அந்தக் கடைக்கே அப்பெயர் வந்தது என்பார்கள்.)

தவணைக்கு வருவோம். "வட்டியில்லாத் தவணை" என்ற பலகையைப் பார்த்து நம் பிள்ளைகள் நிம்மதியாகக் கையெழுத்துப் போடுகிறார்கள். 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்கு எழுதியது: பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது, வட்டியை வேறு பெயரில் வாடிக்கையாளரிடம் வாங்குகிறார்கள் என்று. ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு தள்ளுபடி என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பல சமயம் அந்தத் தள்ளுபடிதான் அங்கே வட்டியாக ஒளிந்திருக்கும். பரிசீலனைக் கட்டணம் என்று தனியாகவும் ஒன்று போடுவார்கள்.

தண்ணீரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத் அளவு நீரில் உளூவும், ஒரு ஸாஉ முதல் ஐந்து முத் வரையிலான நீரில் குளிப்பும் முடித்ததாக அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்தது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. இரு கைகளும் சேர்ந்து அள்ளுவது ஒரு முத். ஐந்து முத் என்றால் ஏறத்தாழ மூன்று லிட்டர். நாம் பேசிக்கொண்டிருப்பதோ பதினைந்து லிட்டர் பக்கெட். ஜும்ஆக் குளிப்புக்கு ஹீட்டரே வேண்டாம்; வெயிலடிக்கும் நாளில் பதினொரு மணிக்கு மாடித் தொட்டித் தண்ணீர் தானாகவே இதமாக இருக்கும்.

இனி ஹீட்டருக்காகக் கர்ளன் ஹஸனா கேட்டு வருபவர்கள் முதலில் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். எலக்ட்ரீஷியன் வந்து பார்ப்பதற்கான கூலி அறக்கட்டளையுடையது. பழுது பார்க்க முடிந்தால் அந்தச் செலவுக்குக் கடன் தருவோம். முடியாவிட்டால் வீட்டில் எத்தனை பேர், ஒயர் எப்படி என்று பார்த்து, தேவையான அளவுக்குப் புதியது வாங்கத் தருவோம். எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் இல்லாத வீட்டுக்கு அதற்கான தொகையும் கடனில் சேரும், அதை மட்டும் வேண்டாம் என்று சொல்ல அனுமதி இல்லை. வயதானவர்கள், பிள்ளை பெற்றவர்கள் உள்ள வீடுகளை முதலில் பார்ப்போம். அஸருக்குப் பிறகு அலுவலகம் திறந்திருக்கும். கடைசி மூன்று மாத மின் பில்லைக் கையோடு கொண்டு வாருங்கள்.