கூலிவேலைப் பையன்களின் சாமியார்: தொன் போஸ்கோ

1852 பிப்ரவரி 8ஆம் தேதி இத்தாலியின் தூரின் நகரில் முத்திரைத்தாளில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஒரு பக்கம் தச்சுப் பட்டறை முதலாளி. மறுபக்கம் தொழில் பழக வந்த பையனும் அவனுடைய தகப்பனாரும். பையனுக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டவர் 36 வயதுக் குருவானவர் ஒருவர். அவர்தான் தொன் போஸ்கோ என்று அழைக்கப்படும் ஜான் போஸ்கோ.

பையனுக்குத் தச்சுவேலையை ஒழுங்காகக் கற்றுத்தர வேண்டும். தொழிலுக்குப் புறம்பான எடுபிடி வேலை வாங்கக் கூடாது. தப்பு செய்தால் வாயால் கண்டிக்கலாமே தவிரக் கை நீட்டக் கூடாது. ஞாயிறும் திருநாளும் ஓய்வு. ஆண்டுக்கு 15 நாள் விடுப்பு. கூலி படிப்படியாக உயர வேண்டும். இவையெல்லாம் அந்தத் தாளில் இருந்தன. அதற்கு முந்தைய நவம்பரிலேயே ஒரு கண்ணாடித் தொழில் முதலாளியோடும் அவர் இப்படி எழுதி வாங்கியிருந்தார். வேலை பழக வந்த சிறுவனை முதலாளி அடிப்பதை யாரும் தவறாக நினைக்காத காலம் அது.

புனிதர்களைப் பற்றிப் பேசும்போது புதுமைகளையும் கனவுகளையும் முன்னால் வைப்பது நம் வழக்கம். தொன் போஸ்கோவின் வரலாற்றிலும் ஒன்பது வயதில் கண்ட கனவுக்குப் பெரிய இடம் உண்டு. ஆனாலும் அவரை அறிய வருகிறவர்களுக்கு முதலில் காட்ட வேண்டியது இந்த முத்திரைத்தாளைத்தான். ஏழைப் பையன்மீது அவர் வைத்த அன்பு ஞானோபதேசத்தோடு நிற்கவில்லை. அவன் படுக்கை, தொழில், கூலி, ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அது போயிற்று.

அவரே கூலிக்கு மாடு மேய்த்தவர். 1815 ஆகஸ்ட் 16 அன்று பெக்கி என்ற சிற்றூரில் பிறந்தார். இரண்டு வயது நிறையுமுன் தகப்பனார் பிரான்சிஸ் காய்ச்சலில் போய்விட்டார். தாய் மார்கரீத்தாதான் குடும்பத்தைத் தாங்கினார். மூத்தாள் மகன் அந்தோணிக்குத் தம்பி படிப்பது பிடிக்கவில்லை. வீட்டில் சச்சரவு முற்றியதால், பன்னிரண்டு வயதுப் பையனை மோலியா குடும்பத்தின் பண்ணைக்குத் தாய் வேலைக்கு அனுப்பினார். பிறகு கியேரி ஊரில் காப்பிக்கடையில் வேலை செய்து, அங்கேயே மாடிப்படிக்குக் கீழே படுத்துறங்கிப் படித்தார். தையலை அதற்கு முன்பே காஸ்தெல்நுவோ ஊரில் பழகியிருந்தார். குருப்பட்டம் பெற்றது 1841 ஜூன் 5 அன்று.

அப்போது தூரின் வளர்ந்துகொண்டிருந்தது. கட்டட வேலை நடக்கும் மாதங்களில் மலையூர்களிலிருந்து சிறுவர்கள் கூட்டம் கூட்டமாக இறங்கி வந்தார்கள். சித்தாள்களாகவும் புகைபோக்கி துடைப்பவர்களாகவும் வேலை பார்த்தார்கள். அவருடைய வழிகாட்டியான கஃபாசோ அடிகளார் அவரைச் சிறைச்சாலைகளுக்கு அழைத்துப் போனார். உள்ளே பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள்கூட இருந்தார்கள். விடுதலையான பலர் சில நாட்களிலேயே திரும்பி வந்ததையும் அவர் பார்த்தார். வெளியே அவர்களுக்கென்று ஒருவர் இல்லாததுதான் காரணம் என்ற முடிவுக்கு வந்தார்.

அவர் தொடங்கிய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களுக்கு நிலையான இடம் கிடைக்கவில்லை. பையன்கள் போடும் சத்தத்தைப் பொறுக்காமல் ஒவ்வோர் இடத்திலும் விரட்டினார்கள். 1846 ஏப்ரல் 12, உயிர்ப்புப் பெருவிழா அன்றுதான் வால்தோக்கோ பகுதியில் பினார்தி என்பவருடைய கொட்டகை வாடகைக்கு அமைந்தது. கூரை தாழ்வாக இருந்ததால் நிமிர்ந்து நிற்பதற்காகத் தரையை அரை மீட்டர் தோண்டினார்கள்.

அந்தக் கோடையில் அவர் நோயில் விழுந்து சாவின் விளிம்புக்குப் போனார். சித்தாள் பையன்கள் அவருக்காக உபவாசம் இருந்து செபித்தார்கள். நவம்பரில், வயது ஐம்பத்தெட்டான தாயையும் உடன் அழைத்துக்கொண்டு அவர் வால்தோக்கோவுக்குத் திரும்பினார். மார்கரீத்தா அம்மாவின் கல்யாண உடைகள் கோயில் உடைகளாயின.

வைக்கோல் பரணில் படுக்க இடம் கொடுத்த சிலர் போர்வைகளைச் சுருட்டிக்கொண்டு ஓடிப்போனதும் உண்டு. இதோடு போதும் என்று பலரும் கதவை அடைத்திருப்பார்கள். 1847 மே மாதம் மழையில் நனைந்து வந்தான் ஓர் அநாதைப் பையன். அவனையும் உள்ளே அழைத்தார்கள். அடுப்படியில் செங்கல் அடுக்கிப் பலகை போட்டுப் படுக்கை தயாராயிற்று. தூங்குமுன் உழைப்பைப் பற்றியும் நேர்மையைப் பற்றியும் நாலு வார்த்தை சொன்னார் மார்கரீத்தா. பிறகு, பாத்திரங்கள் போய்விடாதபடி கதவைப் பூட்டினார்! அன்பும் முன்யோசனையும் ஒரே வீட்டில் இருந்ததற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. அவர் பின்னர் தொடங்கிய சலேசிய சபையின் இல்லங்களில் இரவு தோறும் பிள்ளைகளிடம் சில நிமிடம் பேசும் பழக்கம் இந்த அம்மாவின் பேச்சிலிருந்து வந்ததாகவே சொல்கிறார்கள்.

வெளிப் பட்டறைகளுக்குப் போய் வருவதில் பையன்களுக்கு நேர்ந்த கேடுகளைக் கண்டு, 1853இல் வால்தோக்கோவிலேயே செருப்புத் தைக்கவும் துணி தைக்கவும் பட்டறை வைத்தார். புத்தகம் கட்டுதல், தச்சு, அச்சகம், கொல்லுப்பட்டறை என்று அடுத்த பத்தாண்டுகளில் அது விரிந்தது. 1854இல் காலரா வந்தபோது நோயாளிகளைத் தூக்கிச் சுமக்கவும் கழுவித் துடைக்கவும் அவருடைய பையன்கள் முன்வந்தார்கள். முதலில் 14 பேர், பிறகு இன்னும் 30 பேர். அவர்களில் ஒருவரும் சாகவில்லை.

துறவு மடங்களை மூடும் சட்டத்துக்குத் துணைநின்ற அமைச்சர் ரத்தாஸி, இந்தப் பணி தொடர ஒரு சங்கம் வேண்டும் என்று அவரிடமே சொன்னார். குடியுரிமைகளை விடாத உறுப்பினர்கள் சேர்ந்த சங்கமாக அது இருந்தால் அரசு தலையிட முடியாது என்பது அவர் தந்த யோசனை. 1859 டிசம்பர் 18 இரவு சலேசிய சபை பிறந்தபோது கூடியிருந்தவர்களில் பெரும்பாலோர் அவரிடம் வளர்ந்த இளைஞர்கள். கொட்டகைக்கு வந்த பிள்ளைகளே சபையைத் தொடங்கினார்கள்.

1884 மே மாதம், உடல் தளர்ந்த நிலையில், ரோமிலிருந்து தம் இல்லத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். விளையாட்டுத் திடலில் குருக்கள் பையன்களோடு கலந்து நிற்பது குறைந்துவிட்டதே என்பது அவருடைய வருத்தம். பிள்ளைகளை நேசித்தால் மட்டும் போதாது, நேசிக்கப்படுகிறோம் என்று பிள்ளைகளுக்கே தெரிய வேண்டும் என்று அதில் வலியுறுத்தினார். அவர் மறைந்தது 1888 ஜனவரி 31. புனிதர் பட்டம் 1934இல் கிடைத்தது.

1906 ஜனவரியில் தொமாத்திஸ் அடிகளார் தலைமையில் சலேசியர்கள் தஞ்சாவூருக்கு வந்து சேர்ந்தார்கள். இந்தியாவில் அவர்களுடைய முதல் இல்லம் அதுதான். இன்று சென்னை பேசின் பிரிட்ஜில் தொழிற்பயிற்சி நிலையம் நடத்துகிறார்கள். வீட்டை விட்டு வந்து ரயில் நிலையங்களில் அலையும் பிள்ளைகளைத் தேடிப்போய் அழைத்துவருகிறது அவர்களுடைய அன்பு இல்லம்.